முதல் வேலையில் சேர்ந்திருக்கும் உன் தங்கைக்காக

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நாம் படித்த அதே தனியார் பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவள், வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே, அதை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு ஏன் இப்படித் திணறுகிறாள் என்று கேட்டிருந்தாய். நானும் அந்த வழியில் வந்தவன்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பள்ளியில் எல்லாமே வகுத்து வைக்கப்பட்டிருந்தன. எந்தப் பாடத்தை எந்த வாரத்தில் முடிப்பது, எந்த வினாவுக்கு எத்தனை வரி எழுதுவது, எந்தச் சொல்லை அடிக்கோடிட்டால் திருத்துபவர் கண்ணில் படும் என்பது வரை ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். வகுப்பு முடிந்த பிறகும் நமக்காகத் தங்கியிருந்து மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தியவர்களை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் வேலை அப்படி வகுத்த வடிவில் வருவதில்லை. நான் சேர்ந்த முதல் மாதத்தில் மேலாளர் ஒரு கோப்பை என் மேசையில் வைத்து, "இந்தக் காலாண்டு விற்பனையைப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எத்தனை பக்கம் எழுதுவது, எதில் தொடங்குவது, சரியான விடை என்று ஒன்று உண்டா என எதுவுமே தெரியாமல் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இருக்கையில் இருந்தவர் அரசுப் பள்ளியில் படித்தவர். தனிப்பயிற்சிக்குப் போக வழியில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து தானாகவே படித்துத் தேறியவர். அவர் நான்கைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்முதலைக் குறைத்துவந்த ஒரு வாடிக்கையாளரின் பெயரில் விரலை வைத்து, "முதலில் இவரிடம் பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடிக்கும் பழக்கம் அவருக்குப் படிக்கும் காலத்திலேயே கைவந்திருந்தது.

இதை என் ஒருவனுடைய அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிக் குழு 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பள்ளி இறுதித் தேர்வில் ஒரே தர மதிப்பெண் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில், அரசுப் பள்ளி மாணவர்கள் தனியார் பள்ளி மாணவர்களைவிடப் பட்டப்படிப்பில் நன்றாகத் தேறியது தெரியவந்தது.

ஆகவே தங்கையின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவள் பழக வேண்டியது வேறொன்று. பள்ளியில் பாதி எழுதிய விடையைக் காட்டினால் மதிப்பெண் போய்விடும். அலுவலகத்தில் பாதி எழுதியதை முன்கூட்டியே காட்டினால்தான் வேலை மிச்சமாகும். ஒரு வேலையைக் கையில் வாங்கும்போதே அது யாருக்காக, எதை முடிவு செய்வதற்காக, எப்போது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொல். இரண்டு நாள் கழித்து ஒரு பக்க வரைவை மேலாளரிடம் கொண்டுபோய், "இந்தத் திசையில் போகலாமா?" என்று கேட்கட்டும். வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை இப்போதைக்கு வேண்டாம்.

பள்ளி நமக்குக் கொடுத்த இன்னொன்றான அறிமுகங்களைப் பற்றியும் எழுத வேண்டும். அதைத்தான் நான் அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர்கள் மூலமாகவே வேலை பெற்றிருந்தார்கள். அப்படிப் பெற்றவர்களில் ஆறில் ஒரு பங்கினர்தான் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் முகங்கள். நம் வகுப்பில் உடன் படித்தவர்கள், அவர்களுடைய அண்ணன்கள், பெற்றோர் என அப்படிப்பட்ட முகங்கள் நமக்குக் கட்டணத்தோடு சேர்ந்தே கிடைத்துவிட்டன. பிரிட்டனில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். ஆனால் மூத்த நீதிபதிகளில் அவர்கள் 65 விழுக்காடு என்று 2019-இல் வெளிவந்த அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளியைத் திறமை ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நேர்முகத் தேர்வில் தயங்காமல், சரளமாகப் பேசுபவரைப் பார்த்தால் உடனே பிடித்துப்போகிறது. பேச்சுப் போட்டி மேடைகளில் நாம் கற்ற சரளம்தான் அது. அதனால், வந்தவர் எல்லோருக்கும் ஒரே சிறிய வேலையைக் கொடுத்து, எழுதி வாங்கி, பெயரையும் பள்ளியையும் மறைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன அந்தச் சக ஊழியரின் தம்பி கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் எந்த நிறுவனம் எப்போது பயிற்சிப் பணிக்கு ஆள் எடுக்கிறது என்று சொல்ல அவனுக்கு யாரும் இல்லை. உங்கள் நிறுவனத்தில் அறிவிப்பு வந்தால் எனக்கு ஒரு வரி எழுது. சிபாரிசு வேண்டாம், மற்றவர்களைப் போல அவனும் தேர்வு எழுதட்டும். தங்கையை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசச் சொல். கையில் இருக்கும் வரைவையும் அப்படியே எடுத்துக்கொண்டு பேசட்டும், இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்