திறந்த சாஸ் பாட்டிலை எங்கே வைப்பது?

அனுப்புநர்: அம்பாசமுத்திரம் வாடிக்கையாளர் (முகவரி உறையின் பின்புறம்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: 1 கிலோ தக்காளி சாஸ் பொங்கி வழிந்ததும், அதன்பின் என்னை அலையவிட்டதும்

அய்யா,

வணக்கம். ஆறு தடவை போன், இரண்டு மின்னஞ்சல், ஒரு முழு நாள் அலைச்சல். இனிப் பேசிப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் சாஸைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா, வேண்டாமா? செய்கிறவர்களுக்குத் தெரியாமலா போகும் என்று நம்பித்தான் முதல் போனைப் போட்டேன்.

பேரப்பிள்ளைகள் மே மாத லீவுக்கு வந்திருந்தார்கள். தோசைக்குக்கூடச் சாஸ் கேட்கிற பிள்ளைகள். அவர்கள் ஊருக்குப் போனதும் மீதிப் பாட்டிலை அடுக்களையில் எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமியார் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தது. ஈரக் கரண்டி படாமல் இருந்தால் போதும். சாஸும் அந்த ரகம் என்று நினைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால் பாட்டில் வயிறு உப்பி நிற்கிறது. மூடியைத் திருகினால் சோடா மாதிரி சீறல், கள் வாடை.

முதலில் பேசிய பெண், "வினிகர் இருக்கு மேடம், வெளியிலேயே வைக்கலாம்" என்றார். பணிவான பிள்ளை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் எடுத்தவர் இருக்கிறாரே, பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. "பாட்டில்லயே போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளைப் பார்த்து! பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஆமாம், போட்டிருக்கிறது. பாட்டிலின் பின்பக்கம், லேபிள் ஒட்டிய மடிப்பில், கடுகைவிடச் சிறிய ஆங்கில எழுத்தில். லேபிளுக்கு ஆங்கிலமோ இந்தியோ போதும் என்கிறது சட்டம், சரி. விற்கிற ஊர் அம்பாசமுத்திரம் இல்லையா? முன்பக்கம் மட்டும் பெருமையாகப் பெரிய எழுத்தில், 'பதப்படுத்தும் பொருள் சேர்க்கவில்லை'.

எங்கள் தெருவில் உணவுத் தொழில்நுட்பம் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். உங்கள் ஆட்கள் ஆறு போனில் சொல்லாததை அவள் தார்சாவில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சொன்னாள். சாஸில் புளிப்பும் சர்க்கரையும் உப்பும் இருக்கின்றன. அதன் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருப்பதால், டப்பா உணவில் ஆளைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளராது. ஆனால் ஈஸ்டும் பூஞ்சையும் புளிப்புக்குப் பயப்படாதாம். சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருள், அதாவது லேபிளில் 211 என்று போடுவார்களே, அது சேர்த்த சாஸ் திறந்தபின் வெளியிலும் ஒரு மாதம் போலத் தாங்கும். அது இல்லாத சாஸை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கவே கூடாதாம். சோயா சாஸ் உப்பின் பலத்தில் வெளியே நிற்கும், மயோனைஸுக்கு ஃபிரிட்ஜ்தான் என்றும் சொன்னாள். அப்படியென்றால் நீங்கள் பெருமை பேசிய அதே எழுத்தளவில் 'ஃபிரிட்ஜில் வை' என்றும் போட்டிருக்க வேண்டாமா?

பஸ் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்காவது போனில், "பாட்டிலை வண்ணார்பேட்டை விநியோகஸ்தர்கிட்ட நேர்ல காட்டுங்க" என்றார்கள். பைக்குள் வைத்துத் திருநெல்வேலி பஸ் ஏறினேன். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டி, சேரன்மகாதேவியில் பஸ் ஒரு குலுக்குக் குலுங்கியதும் 'டப்' என்று மூடி தெறித்தது. என் சேலை முழுக்கச் சாஸ். பக்கத்தில் நின்ற அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியிலும். ரத்தம் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டார். அந்த அவமானத்தோடு போய் நின்றால், "சாப்பாட்டுக்குப் போயிருக்காரு, நாலு மணிக்கு வாங்க." நாலு மணிக்கு, "நாங்க சரக்கு இறக்குறதோட சரிம்மா." அந்த வெயிலில் மூன்று மணி நேரம் நின்றதில் என் ஆயுசில் பத்து வருஷம் போயிற்று.

தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊறுகாயைப் பல வருஷமாக வாங்குகிறவள் நான். பாட்டிலுக்கு 140 ரூபாய், சேலைக்கு 1,800, அண்ணாச்சியின் வேட்டிக்கு 400, மன உளைச்சலுக்கு 25,000 தந்துவிடுங்கள். "படிக்கத் தெரியாதா" என்றவர் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், மன்னிப்பைக் குறைக்க முடியாது. லேபிளில் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன். அப்புறம் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் குறித்து வைத்திருக்கிறேன். அதுவும் பூதக்கண்ணாடி வைத்துத்தான்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வாடிக்கையாளர்

பி.கு.: பாட்டிலை எறியவில்லை. தூக்குவாளிக்குள் வைத்து மூடி அங்கணத்து மூலையில் வைத்திருக்கிறேன். பார்க்க ஆள் அனுப்பினால், சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டாம்.