பாஸ்டனிலிருந்து சார்ல்ஸ்டனுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

அமெரிக்காவிலேயே தெற்கே சார்ல்ஸ்டனில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். "ஒரே நாடுதானே அப்பா, அங்கே வெயில் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றாய். அது அவ்வளவுதான் இல்லை அம்மா. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே காலத்தைக் கழித்தவன் நான். இதைப் போனில் சொன்னால் நீ வேறு வேலையாக இருப்பாய். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இப்போது நீ இருக்கும் பாஸ்டனை 1630-ல் இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன்கள், அதாவது மதக் கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவர்கள், உண்டாக்கினார்கள். அடுத்த பத்து வருஷத்தில் சுமார் 20,000 பேர் அந்தப் பக்கம் கப்பலேறி வந்தார்கள். அதில் பெரும்பாலோர் மனைவி, மக்கள் என்று குடும்பத்தோடு வந்தவர்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கல்லும் கரடுமான நிலம், நீண்ட குளிர்காலம். ஏற்றுமதி செய்து பணம் பார்க்கிற பயிர் எதுவும் அங்கே விளையாது. ஆகவே சின்னச் சின்ன ஊர்களாகச் சேர்ந்து குடியிருந்தார்கள். ஊர் நடுவில் ஜெபக்கூடம், ஊர்க் காரியத்தைப் பேசுவதும் அங்கேதான். பைபிளை அவரவரே படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். 1647-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: 50 குடும்பம் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பம் இருந்தால் லத்தீன் கற்பிக்கும் பள்ளியே நடத்த வேண்டும். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். அதே ஆட்கள்தான் 1659-ல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றும் சட்டம் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே இருக்கும் வர்ஜீனியா இதற்கு நேர்மாறு. 1607-ல் ஜேம்ஸ்டவுனில் முதலில் இறங்கியவர்கள் எல்லாம் ஆண்களும் பையன்களும். பிறகு புகையிலை பிடித்துக்கொண்டது. கப்பல் கூலி கொடுக்க வழியில்லாத இளைஞர்கள் நான்கு முதல் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கூலிகளாக வந்தார்கள். சதுப்பு நிலக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஒப்பந்தம் முடியும் முன்பே செத்தவர்கள் எத்தனையோ பேர். வளர்ந்து ஆளாகும் முன் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் ஏராளம். அநாதைப் பிள்ளைகளின் சொத்து வழக்குகளுக்கென்றே அங்கே நீதிமன்றம் கூடியது. புகையிலை சில வருஷத்திலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். வேறு நிலம் தேடி ஆற்றோரமாகத் தள்ளித் தள்ளிக் குடியேறினார்கள். பக்கத்து வீடு பார்வைக்கே எட்டாது. அப்படி இருக்கும்போது ஊர் ஏது, பள்ளிக்கூடம் ஏது? போதகருக்குச் சம்பளம்கூட வருஷத்துக்கு 16,000 பவுண்டு எடை புகையிலை. இலவசப் பள்ளிகளும் அச்சகமும் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி என்று கவர்னர் பெர்க்லி 1671-ல் எழுதியே வைத்தார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பென்சில்வேனியாவில், அதை நிறுவிய வில்லியம் பென் எல்லா மதத்தாருக்கும் இடம் கொடுத்தார். கோதுமை நன்றாக விளைந்தது, ஜெர்மானியர்களும் வந்து சேர்ந்தார்கள். நீ அங்கே போகவில்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

நீ போகிற ஊருக்கு வருவோம். சார்ல்ஸ்டன் இருப்பது கரோலினாவில். 1670-ல் தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் முக்கியமானவர்கள் பலர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். அங்கே கரும்புத் தோட்டங்களில் பழகிய அடிமை முறையை அப்படியே கொண்டுவந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் நெல் வந்தது. இங்கிலாந்துக்காரனுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்? சேற்றில் இறங்கி விதைக்கவும், மதகு வைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கவும், புடைக்கவும் தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைந்த நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள்தான். 1708-லேயே சார்ல்ஸ்டன் பக்கம் வெள்ளையரைவிடக் கறுப்பர்கள் அதிகம்.

வயலில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துவிடுவார்கள், பெரும்பாலும் கால் ஏக்கர். அறுவடைக் காலத்தில் அதோடு முடியாது. மரத்தைக் குடைந்த உரலில் உலக்கையால் நெல் குத்த வேண்டும், விடியும் முன்பும் இருட்டிய பிறகும். குத்தியதைக் கோரையில் பின்னிய அகலமான தட்டுக்கூடையில் போட்டு உமியைப் பறக்கவிடுவார்கள். உன் ஆயா முறத்தில் புடைத்ததை நீ பார்த்திருக்கிறாய். அதே மணிக்கட்டு அசைவுதான். ஆனால் ஆயா தன் வீட்டு நெல்லைப் புடைத்தாள். அவர்கள் குத்திய அரிசி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

தேங்கிய வயல் தண்ணீரில் கொசு, கொசுவால் காய்ச்சல். கோடை வந்தால் தோட்டக்கார முதலாளிகள் சார்ல்ஸ்டன் வீடுகளுக்குப் போய்விடுவார்கள், வயலில் இருப்பவர்கள் வயலிலேயே. 1739-ல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். மறு வருஷமே சட்டம் வந்தது: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். ஆசிரியரை வை என்று பாஸ்டன் பக்கம் சட்டம் போட்டதும் இங்கிலாந்து ராஜாங்கத்துக் குடிகள், ஆசிரியருக்கு அபராதம் போட்டதும் அதே ராஜாங்கத்துக் குடிகள். இதை நடத்தும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். இன்றும் வருகிறது.

இதைப் படித்துவிட்டு பாஸ்டன் நல்லது, சார்ல்ஸ்டன் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதே. 1641-லேயே பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸின் சட்டம் அடிமை முறைக்கு இடம் கொடுத்துவிட்டது. பாஸ்டன் வியாபாரிகள் தேறாத மட்டக் கருவாட்டைக் கரீபியன் தீவுகளின் அடிமைகளுக்குத் தீனியாக விற்றும் பணம் சேர்த்தார்கள். நீ ரசித்துப் படம் அனுப்பினாயே, அந்தத் துறைமுகத்திலிருந்து போன சரக்கில் அதுவும் ஒன்று.

சார்ல்ஸ்டன் போனதும் சந்தைக்குப் போய்ப் பார். புல்லில் சுற்றிச் சுற்றிப் பின்னிய கூடைகளை, அந்த அடிமைகளின் வழிவந்த கல்லா மக்கள் இன்றும் விற்கிறார்கள், அந்த உமிக்கூடையின் வழிவந்தவை. விலை அதிகமாகத்தான் இருக்கும், பேரம் பேசாமல் ஒன்று வாங்கு. பழைய கட்டடங்களின் செங்கல்லை நின்று பார். காயும் முன் தூக்கியவர்களின் விரல் பதிந்த கற்கள் உண்டு, சிலவற்றில் குழந்தைகளின் விரல். அங்கே சுற்றிக்காட்டுகிறவர்கள் யார் வீடு என்று மட்டும் சொன்னால், கட்டியது யார் என்று நீ கேள்.

வீடு பார்த்ததும் வாடகை ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். கொசுவலை வாங்க மறக்காதே.

அன்புடன்,
அப்பா