தாயின் கேமராவில் மகளின் பால்யம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாயே தன் மகள்களின் பால்யத்தைப் படமாக்குவது பற்றிப் பேசும்போது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சாலி மேனை விட்டுவிடக் கூடாது. வர்ஜீனியாவில் 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில்தான் தம் இரு மகள்களையும் மகனையும் எடுத்தார். அந்த அளவு ஃபிலிமில் முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் பின்னணி கரைந்துவிடும். பின்னணியும் தெளிவாக வர, லென்ஸின் துளையை எஃப் 22 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கினாலோ, ஒளி குறைந்து, அடர்ந்த மரநிழலில் ஷட்டர் வேகம் 1/8 நொடி அளவுக்கு இறங்கும். சிறுமி லேசாகத் தலையசைத்தாலும் கண்கள் மங்கும். ஃபிலிம் ஹோல்டரைச் செருகிய பிறகு தாயால் கேமராவின் பின்புறக் கண்ணாடித் திரையில் காட்சியைப் பார்க்கவும் முடியாது. மகளை நேருக்கு நேர் பார்த்தபடியேதான் ஷட்டரை அழுத்த வேண்டும். சாலி மேன் எடுத்தவற்றைத் தற்செயலாகக் கிடைத்த படங்கள் என்று சொல்வது, அசையாமல் நின்ற பிள்ளைகளின் உழைப்பை மறைப்பதாகும்.

– வாசகர், மதுரை