கத்திரிப்பூ நைலக்ஸ்

பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பார்சலுக்குள் துவைக்கும் முறை எழுதி வைக்க ஒரு தாள் எடுத்தேன், அது நீண்டுகொண்டே போகிறது. அப்பா எதிரில் உட்கார்ந்து பால் விடாத கோப்பி ஓ குடித்துக்கொண்டே "காகிதம் கனத்தால் தபாலுக்கு இன்னும் இரண்டு வெள்ளி (ரிங்கிட்)" என்கிறார். அவர் கிடக்கட்டும்.

அடுத்த மாதக் கருத்தரங்கில் உன் துணி, சாய ஆராய்ச்சியைப் பற்றிப் பேசக் கறுப்புக் கோட்டு போடவா, இல்லை என் பாட்டுக்கு என் மாதிரியே போகவா என்று போன வாரம் கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஸ்காலர்ஷிப் இண்டர்வியூ நாள் ஞாபகம் வந்துவிட்டது.

லோரோங் கூலிட் சந்தையில் பத்து வெள்ளிக்கு எடுத்த கவுன் அது. வெள்ளைப் புள்ளி, பஃப் கை, நாய்க்காது மாதிரி காலர். அதற்கு மேல் பாட்டியின் பழைய கண்ணாடி ஃபிரேம், அதில் கண்ணாடியே கிடையாது. காதில் என் பட்டன் டப்பாவிலிருந்து திருடிய பட்டனைச் சுற்றிக் கம்பி வளையம் கட்டி, சனிக்கிரகம் என்று மாட்டியிருந்தாய். வாசலில் நிறுத்தி, "ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளை மாதிரியா இருக்கிறாய்? கூத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறாய்" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் என்னுடைய சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய். தோள் இரண்டும் தொங்கியது. அளவு குறைக்க மடித்துத் தைக்கும் ஒரு டாட் பிடித்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சட்டையால்தான் கிடைத்தது என்று பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1982-ல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனேன் என்பது உனக்குத் தெரியும். 1972-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது அங்கே போனாள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பிலிருந்து அதன் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டும் வேலை. தலைமுடியை மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தக் கம்பி. முதல் சம்பளத்தில் பினாங் ஸ்திரீட்டில் துணி எடுத்து ஒரு பெல்பாட்டம் தைத்தேன். பெல்பாட்டம் அப்போதே பழசாகிவிட்டது. அதனால்தான் எனக்கு ஆசை. என் அக்காமார் போட்டிருந்ததைப் பார்த்து ஏங்கிய வயது முழுவதும் அந்தக் கால் சுற்றளவில் இருந்தது, இருபத்தாறு இன்ச். உன் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாருக்குக் காட்ட இந்த வேஷம்?" ஃபேக்டரிப் பெண்கள் உடுத்துவதைப் பற்றி ஊரில் வேறு ஏகப்பட்ட பேச்சு. அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பிறகு தலையணை உறையாகிவிட்டது.

அந்தக் கேள்வியைத்தான் நான் உன்னிடம் வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது சிரிக்க. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் வேலைக்கு நைலான் இழையில் நெய்த நைலக்ஸ் சட்டை போட்டுப் போனேன், ஸ்மோக் என்ற ஃபேக்டரி மேலங்கிக்கு உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று. சூப்பர்வைசர் கழுத்துப் பக்கம் பார்த்துவிட்டார். "ஸ்டேட்டிக், போய் மாற்று" என்றார். ஸ்டேட்டிக் என்றால் என்ன என்று கேட்டேன். கேள்வி கேட்க உனக்குச் சம்பளம் இல்லை என்றார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். பதினோரு வருஷம் மணிக்கட்டில் ஸ்டேட்டிக் தடுக்கும் பட்டையைக் கட்டியிருந்தேன், எதற்கு என்று தெரியாமலேயே. கடைசியில் அதை எனக்குச் சொன்னது நீ. ஒன்பது வயதில் பலூனைத் தலையில் தேய்த்துக் காட்டி, "நைலான் உரசினால் மின்சாரம் சேரும்மா, விரலில் சுள்ளென்று நமக்குத் தெரிவதற்கே மூவாயிரம் வோல்ட் வேண்டும், சிப்பு நூறிலேயே செத்துப்போகலாம்" என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒப்பித்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் எத்தனை சிப்பைக் கொன்றிருப்பேனோ என்ற கவலை.

உனக்குத் துணி ஆசையும் இந்த ஆராய்ச்சிப் பைத்தியமும் ஒரே இடத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். என் மெஷினுக்குக் கீழே, வெட்டுத் துண்டுக் குவியலில். என்ன துணி என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஓர் இழை உருவி மெழுகுவர்த்தியில் காட்டுவேன் அல்லவா? பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு தலைமுடி கருகும் வாசம் அடித்துத் தானே அணையும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பு மணியாய் நிற்கும். எனக்கு அது பிழைப்பு. வாடிக்கையாளர் பட்டு என்று கொண்டு வந்து பாலியஸ்டர் ஆகிப்போனால் இஸ்திரி போடும்போது மாட்டுவது நான்தான். நீயோ பக்கத்தில் குந்திக்கொண்டு, "பட்டு ஏன் முடி மாதிரி நாறுது?" என்றாய். இரண்டும் புரதம் என்று எனக்கு எங்கே தெரியும்? "பூச்சி வாயிலிருந்து வந்தது, அப்படித்தான் நாறும்" என்றேன். முழுத் தப்பும் இல்லைதானே.

அப்புறம் அந்த ஓட்டை! பண்டல் கடையில் வாங்கிய பழைய கோட்டின் லைனிங்கில் மை கறை இருந்தது. நீ நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாய். கறை போயிற்று, லைனிங்கும் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்குத் துணியே கரைந்து பிசினாகிவிட்டது. நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ அழவில்லை. கண்ணை அகலத் திறந்து, "அம்மா, இன்னொரு ஓரத்தில் செய்து பார்க்கலாமா?" என்றாய். அது அசிடேட் துணி, அசிட்டோனில் சர்க்கரை மாதிரி கரையும் என்று நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாய். அந்தக் கோட்டை ஒட்டுப்போட்டு இன்னும் வைத்திருக்கிறாய் என்று படத்தில் பார்த்தேன். ஒட்டு எனக்குத் தெரிகிறது, மற்றவருக்குத் தெரியாது.

லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். 1951-ல் அங்கே நடந்த பெரிய விழாவுக்காக ஹெலன் மெகா என்ற படிக ஆய்வாளர் ஏற்பாடு செய்து, படிகங்களின் எக்ஸ்ரே வரைபடத்தைத் திரைச்சீலையிலும் சுவர்க்காகிதத்திலும் உடுப்புத் துணியிலும் அச்சடித்தார்கள் என்று சொன்னாய். நான் பார்த்ததும் "இது புள்ளிக் கோலம்தானே" என்றேன், நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, இல்லை அம்மா நீ சொல்வது சரிதான், நாலு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் கோலத்தை எப்படிப் போட்டாலும் 17 வகைக்குள் அடங்கிவிடும் என்று கணக்கில் இருக்கிறது என்றாய். அன்றிலிருந்து காலையில் வாசலில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நான்கு வகைக்கு மேல் வரவில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்சுலின் சுவர்க்காகிதம். அப்பா தினமும் வயிற்றில் குத்திக்கொள்வதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்! அதன் முழு அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் கண்டுபிடித்தது 1969-ல்தான் என்கிறாய். அப்படியானால் விடை தெரிவதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாலேயே அழகாக இருக்கிறது என்று ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். உள்ளே இருப்பது பாட்டியின் நைலக்ஸ் புடவை. அந்தக் கத்திரிப்பூ நிறம், உனக்குத் தெரியும். பாட்டி அதைத் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு மட்டும் கட்டுவார், வந்ததும் அலசிப் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிட்டது என்று ஊருக்கே சொல்வார். அதைத்தான் ஃபிராக்காகத் தைத்திருக்கிறேன். வெட்டுவதற்குக் கத்திரியை வைத்துவிட்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ சொன்ன பெர்கின் கதை ஞாபகம் வந்தது. 1856-ல் பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொய்னா செய்கிறேன் என்று வீட்டில் எதையோ காய்ச்சி, கறுப்புக் கசடுதான் வந்தது. அதைக் கழுவப் போய்க் கத்திரிப்பூ நிறம் கிடைத்தது. முதல் செயற்கைச் சாயமே அதுதானாம். இதைக் கேட்டிருந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பார்? கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் சிறுபிள்ளையாக இருந்தபோது வரிசையில் நிற்க வைத்துக் கொய்னா ஊற்றினார்கள், காதுக்குள் வண்டு ரீங்காரம் மாதிரி கேட்கும் என்பார். கசந்த மருந்தைத் தேடிப்போன பையனுக்குக் கிடைத்த நிறத்தைப் பாட்டி வாழ்நாள் முழுக்கத் திருவிழாவுக்குக் கட்டியிருக்கிறார். கத்திரியைப் போட்டு வெட்டிவிட்டேன்.

உன் கருவியைப் பற்றியும் ஒன்று கவனித்தேன். சாயத்தின் மேல் லேசர் அடித்து, திரும்பி வரும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுவதை வைத்து என்ன சாயம் என்று சொல்கிறீர்களே, அது நம் திருச்சிக்காரர் சி.வி.ராமன் 1928 பிப்ரவரி 28-ல் கண்டது. நைலானை அமெரிக்காவில் முதன்முதலில் செய்தது 1935 பிப்ரவரி 28-ல். காலண்டரில் இரண்டு தடவை சரிபார்த்தேன். நைலானைப் பற்றி ராமன் ஒளியால் பேசப் போகிறவள் நீ. ராமனும் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தத் தலைப்பாகை இல்லாமல் அவர் படமே நான் பார்த்ததில்லை.

கறுப்புக் கோட்டா, இதுவா என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை சொன்னது போதும். உனக்கு அன்று எது தோன்றுகிறதோ அதைப் போடு. ஆனால் தையற்காரியாக மூன்று விஷயம் சொல்லாமல் இருக்க முடியாது. உள்ளே முழுக்க வாயில் என்ற மெல்லிய காட்டன் துணியில் லைனிங் கொடுத்திருக்கிறேன், வேர்வை பிடிக்க, நைலக்ஸ் பிடிக்காது. இதைப் போட்டுக்கொண்டு லேப்பில் அடுப்புப் பக்கம் போகவே கூடாது, நைலான் எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உன்னிடம் போய் இதைச் சொல்கிறேன் பார். பாக்கெட் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன், வலது பக்கம் ஆழம் அதிகம், உன் ஃபோனுக்கும் அந்த லேசர் சுட்டிக்கும். சாம்பல் சட்டையில் பிடிக்காமல் விட்ட டாட்டையும் இதில் பிடித்துவிட்டேன்.

பாச்சை உருண்டை வாசம் கொஞ்சம் இருக்கும். உருண்டை நேராக ஆவியாகிக் காற்றில் கலக்கும், அது பதங்கமாதல் என்று நீ பாடம் எடுத்த பிறகு பெட்டியில் வைப்பதை நிறுத்திவிட்டேன், ஆனால் புடவை நாற்பது வருஷம் அதோடு இருந்தது. ஜன்னலைத் திறந்து இரண்டு நாள் தொங்கவிடு. வாசம் போய்விடும்.

பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் விட்டிருக்கிறேன். உன் அளவு எனக்குப் பழைய அளவுதான். இடுப்புச் சுற்று எடுத்து அனுப்பு, டேப்பை இறுக்கிப் பிடித்துப் பொய் சொல்லாமல்.

கவருக்குள் முந்தானையில் மிச்சமான ஒரு துண்டும் வைத்திருக்கிறேன், நூலில் கட்டி. உனக்குக் கொளுத்திப் பார்க்கத் தோன்றும் என்று தெரியும். அறைக்குள் வேண்டாம், அலாரம் அடிக்கும். வெளியே போய்க் கொளுத்து, எப்படி எரிந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா