கல்லுக் கதை

மச்சான்,

உன்ர மெசேஜ் பாத்தன், ஸ்கான்ல 4 மில்லிமீட்டர் கிட்னிக் கல்லு எண்டா பயப்பிடாத, 5க்குக் குறைஞ்சது கனபேருக்குத் தானாச் சலத்தோட போயிடும், ஆனா கிழமைக் கணக்கில இழுக்கலாம். எனக்குப் போன வருசம் வந்தது தெரியும்தானே, நோ நாரிப்பக்கம் தொடங்கி அடிவயிறு வரைக்கும் இறங்கும், படுக்கவும் ஏலாது இருக்கவும் ஏலாது, வெள்ளவத்தை வீட்டு ஹோலில விடிய விடிய நடந்தன், சத்தி வேற.

நோவுக்கு டொக்டர்மார் முதல்ல குடுக்கிறது டிக்ளோபெனாக் மாதிரிக் குளிசைதான், சத்தி எடுக்கிற ஆளுக்குப் பின்பக்கத்தால வைக்கிறதும் இருக்கு, நல்லாக் கேக்கும். ஆனா நீ பிரஷருக்கு லொசார்ட்டன் போடுறவன், அல்சரும் இருந்தது, பாமசியில கேட்டு நீயா வாங்கிப் போட்டிடாத, சத்தியெடுத்து உடம்பில தண்ணி வத்தின நேரம் இந்தக் குளிசையும் லொசார்ட்டனும் சேந்தா கிட்னிக்கே அடி. டொக்டரிட்டக் கேட்டுப் போடு. அதுவரைக்கும் பனடோல் 500 ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு எட்டுக்கு மேல வேண்டாம். சுடுதண்ணிப் போத்தலைத் துணியால சுத்தி நாரியில வைச்சுப் பார், எனக்கு அதுதான் பெரிய சுகமா இருந்தது.

நோ நேரம் குடம் குடமாத் தண்ணி குடிச்சா கல்லைத் தள்ளும் எண்டுவினம், சும்மா கதை, நோ கூடவும் பாக்கும். தாகத்துக்குக் குடி, அடங்கினாப் பிறகு சலம் வெளிறிப் போற அளவுக்குக் குடி.

காய்ச்சல் நடுக்கம் வந்தா, இல்லாட்டி சலமே போகாட்டி, விடியட்டும் எண்டு இருக்காத மச்சான், கல்லு சின்னனா பெரிசா எண்டது அப்ப கணக்கில்லை, அடைபட்ட சலத்தில கிருமி ஏறினா கெதியா ரத்தத்துக்குப் போயிடும், உயிருக்கே ஆபத்து. 1990 எண்ட நம்பருக்கு அடி, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

என்ர மாமி பொல்பலா எண்ட மூலிகையை அவிச்சுத் தந்தவ, குடிச்சன், தண்ணி குடிச்ச பலன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா ஆரும் காமரங்கா ஜூஸ் குடி எண்டு சொன்னா கிட்டயும் போகாத, அதில கல்லுச் சேர வைக்கிற ஒக்சலேட் கூட, கிட்னியைப் பழுதாக்கும்.

இன்னொண்டு, ஒரு பழைய தேத்தண்ணி வடி எடுத்துச் சலத்தை அதால விடு, கல்லு பிடிபட்டா டெஸ்ட்டுக்குக் குடுக்கலாம், என்ன வகைக் கல்லெண்டு தெரிஞ்சா இனி வராமப் பாக்கிறது லேசு. வடியைத் திரும்பக் குசினியில வைச்சிடாத, மனிசி உன்னை வெளியில விட்டிடுவா.

மகளின்ர ஏ/எல் ரிசல்ட் என்னமாதிரி? ஸ்கான் ரிப்போட்டை ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பு.