பழமைவாதம் வசைச்சொல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வாசிகசாலையில் அரசியல் பேச்சு சூடானால், யாராவது ஒருவர் "நீர் ஒரு பழமைவாதி" என்று சொல்லிவிடுவார். அதோடு விவாதம் முடிந்துவிடும். மாற்றமே கூடாது என்பவர்தான் பழமைவாதி என்று நினைக்கிறார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் நூல் எழுதிய எட்மண்ட் பர்க்கிடமிருந்துதான் இந்தச் சிந்தனையின் வரலாற்றைப் பலரும் தொடங்குவார்கள். டப்ளினில் பிறந்தவர். அமெரிக்கக் குடியேற்றவாசிகளின் குறைகளுக்காகப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வாதாடியவர். வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றஞ்சாட்டி வழக்கு நடத்தியவரும் அவரே. 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். (அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எங்கள் திருகோணமலையைப் பிடித்தார்கள்.)

மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்பது பர்க்கின் வாதம். சரி, நம் பேச்சில் சொன்னால், ஒழுகும் கூரை ஓடுகளை மாற்று, வீட்டை இடிக்காதே. பிரித்தானியாவில் கொன்சர்வேட்டிவ் (பழமைவாதி) என்ற கட்சிப் பெயர் அப்புறம், 1830களில்தான் நிலைத்தது. 1834இல் அக்கட்சியின் பிரதமர் றொபேட் பீல் தன் டாம்வர்த் தொகுதி வாக்காளருக்கு விடுத்த அறிக்கையில், தான் முன்பு எதிர்த்த, வாக்குரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்.

பழைய வீட்டின் திண்ணையில்கூட இடம் கிடைக்காதவர்களைப் பற்றிப் பர்க் இன்னும் பேசியிருக்கலாம் என்பது என் குறை. அதைச் சொல்லி அவரை மறுக்கலாமே!

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை