பத்திரத்தில் பக்க அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நில அளவை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கும்பகோணம் பக்கத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் ஒரு வரி விடாமல் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒன்று சின்ன விஷயம். 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்கிற ஆங்கிலேய அளவையாளர் தன் அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்தாரே, அதிலிருந்துதான் நம்முடைய புல எண்ணும் (சர்வே நம்பர்) பட்டாவும் வந்தன என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். லாம்டன் அளக்கப் புறப்பட்டது பூமியின் வளைவை. யார் வரப்பு யார் வயலுக்குள் போகிறது என்பது அவர் கவலை இல்லை. வயல் வயலாகச் சங்கிலி பிடித்து எண் கொடுத்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1850களின் கடைசியில் தொடங்கிய வருவாய் நில அளவை. அது தீர்வை, அதாவது நிலவரி, போடுவதற்காகச் செய்த வேலை. அந்த வாசனை இன்னும் போகவில்லை. பட்டா கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். நீதிமன்றத்துக்குப் போனால் பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது, மூலப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்றுதான் முக்கியம். பத்திரத்தில் நான்கெல்லை, அதாவது நிலத்தின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவது, ஊர்க்கணக்குப் பார்த்த கர்ணம் காலத்துப் பழக்கம், கணினி யுகத்தில் அது எதற்கு என்று கேட்டிருக்கிறார். கர்ணம் காலமா? சோழர் செப்பேடுகளைப் பாருங்கள். கீழ்பாற்கெல்லை (கிழக்கெல்லை) இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன நிலத்துக்கு வடக்கும் என்று வரிசையாகப் போகும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்கிற ஊரை விட்டுக்கொடுத்தபோது பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, அதையெல்லாம் செப்பேட்டிலும் எழுதி வைத்தார்கள். யானையைத் தவிர மற்ற எல்லாம் நான் எழுதிய பத்திரங்களிலும் உண்டு.

அந்த எழுத்துமுறையிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'வாய்க்காலுக்கு வடக்கு' என்றால் நம் நிலம் வாய்க்காலுக்கு வடக்கில் இருக்கிறது, அதாவது வாய்க்கால்தான் நமக்குத் தெற்கெல்லை. இப்போது கணினியில் தட்டச்சு செய்யும் பிள்ளைகள் பழைய பத்திரத்தைப் பார்த்து 'வடக்கே வாய்க்கால்' என்று மாற்றிவிடுகிறார்கள். ஒரே வரியில் நிலம் வாய்க்காலின் அக்கரைக்குப் போய்விடுகிறது! பிழைத்திருத்தல் பத்திரம் போட வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த வகைதான்.

பரப்பும் நான்கெல்லையும் ஒத்துவராவிட்டால் பொதுவாக நான்கெல்லையைத்தான் நீதிமன்றங்கள் நம்புகின்றன. அதற்குக் காரணம் உண்டு. வாங்குகிறவனும் விற்கிறவனும் வரப்பில் நின்று கண்ணால் பார்த்தது எல்லையை. செண்ட் கணக்கு காதால் கேட்டதுதான். எங்கள் பக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குழி என்றால் 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. மூணு மா ஒரு ஏக்கர் என்று வாய் கூசாமல் சொல்வோம். கூட்டிப் பாருங்கள்: மூணு மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. இரண்டரைக் குழி இடிக்கும். நெல் விளைகிறவரை இந்த இரண்டரைக் குழியை யாரும் கேட்கமாட்டார்கள். அதே வயல் மனையாகும்போது அதற்காகத்தான் வெட்டு குத்து. இந்தக் குழியும் எல்லா ஊரிலும் 144 இல்லை. வேறு மாவட்டத்துக்காரர் குழிக் கணக்குச் சொன்னால் முதலில் உங்கள் குழி எத்தனை அடி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டாவில் வேறொரு கூத்து. பரப்பு அங்கே ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். '0 - 40.50' என்று போட்டிருந்தால் அது நாற்பதரை ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 செண்ட். ஆக அது ஒரு முழு ஏக்கர். இதை நாற்பதரை செண்ட் என்று படித்துவிட்டு, அறுபது செண்டை யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று தாலுகா அலுவலகத்துக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டா நகலின் அடியிலேயே ஏக்கர் கணக்கும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, நான்கெல்லையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வாய்க்கால், ரஸ்தா, ஊர் எல்லை என்று எழுதினால் நிற்கும். ஆள் பெயரை எழுதினால் நிற்காது. ஒருவர் நிலத்துக்கு மேற்கு என்று 1962இல் எழுதியதை 1985இலும் அப்படியே எடுத்து எழுதுவோம், அப்புறம் 2010இலும். அந்த ஆள் போய்ச் சேர்ந்திருப்பார், பிள்ளைகள் பிரித்து விற்றிருப்பார்கள், நிலம் மூன்று கை மாறியிருக்கும். பத்திரத்தில் மட்டும் அவர் இன்னும் பயிர் வைத்துக்கொண்டிருப்பார்.

மனைப் பத்திரத்தில் இந்தத் தொல்லை குறைவு. 'கிழமேல் வடபுறம் 30 அடி, தென்புறம் 32 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி' என்று நான்கு பக்கத்துக்கும் அளவு போட்டு, ஆக 1240 சதுர அடி என்று முடிப்போம். யார் வேண்டுமானாலும் டேப்பை எடுத்துப் போய்ச் சரிபார்க்கலாம். வயலுக்கு வந்தால் இந்த ஒழுங்கு காணாமல் போய்விடும். ஒரு புல எண்ணில் ஒரு ஏக்கர் இருக்கும். 'இதில் வடபுறம் செண்ட் 50' என்று எழுதி அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்வார்கள். வயல் என்ன சதுரமாகவா இருக்கிறது? ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல். வரப்பை எங்கே போடுவது? அப்பா இருக்கும்வரை அவர் கை காட்டிய இடம் வரப்பு. அவருக்குப் பிறகு கோர்ட்டு. என் கட்டுரையாளர் நண்பரே, குறை சொல்வதாக இருந்தால் இந்த 'வடபுறம் செண்ட் 50'ஐச் சொல்லுங்கள்.

கணினி இதைத் தீர்த்துவிடும் என்கிறார். ஒரு புல எண்ணின் எல்லைக் கோடுகளைக் காட்டும் புலப்படத்தை இணையத்தில் பார்க்க முடிவது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டாவில் 5பி2 என்று உட்பிரிவு இருக்கும், புலப்படத்தைத் திறந்தால் 5பி வரைதான் கோடு இருக்கும். பிரித்ததைப் படத்தில் ஏற்றவில்லை. அப்புறம் சர்வேயர் வயலுக்கு வந்தால் முதலில் தேடுவது கணினியை அல்ல, எல்லைக் கல்லை. நட்ட கல் குறைந்தது இரண்டு கிடைத்தால்தான் படத்தில் உள்ள தூரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து மற்ற முனைகளைக் குறிக்க முடியும். இல்லையென்றால் பக்கத்துப் புல எண்ணில் கல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே போக வேண்டும். நாம்தான் டிராக்டர் ஓட்டும்போது கல்லைச் சாய்த்துவிட்டுப் படித்துறையில் துணி துவைக்கப் போட்டிருக்கிறோமே! 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி தன் நிலத்து அளவைக் குறிகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது பட்டாதாரரின் கடமை. எத்தனை பேருக்குத் தெரியும்?

மனையைக் கைபேசியில் படம் எடுத்து, இருப்பிடக் குறிப்போடு பத்திரத்தில் சேர்க்கும் முறையையும் கட்டுரையில் புகழ்ந்திருக்கிறார். இல்லாத மனையை விற்கும் மோசடிக்கு அது தடை போடும், சரி. எல்லைத் தகராறுக்கு உதவாது. சாதாரணக் கைபேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளி இருக்கும். இங்கே சண்டை ஓர் அடிக்கு.

பக்கத்துக் கர்நாடகத்தில் விவசாய நிலத்தில் ஒரு புல எண்ணின் ஒரு பகுதியை மட்டும் விற்பதாக இருந்தால், '11இ' என்கிற வரைபடத்தை முதலில் வாங்க வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, பிரிக்கும் கோட்டை வரைந்து கொடுத்த பிறகுதான் பதிவு. நம் ஊரில் வழக்கமாகப் பத்திரம் முதலில், அளவு பிற்பாடு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 22ஆவது பிரிவே அரசு வரைபடத்தை வைத்துச் சொத்தை விவரிக்கச் சொல்லி விதி செய்ய மாநில அரசுக்கு வழி விட்டிருக்கிறது. பாகப்பிரிவினைக்கும் பகுதி விற்பனைக்கும் அளந்த வரைபடம் கட்டாயம், அதில் நான்கு பக்க அளவும் வேண்டும், நான்கெல்லையும் வேண்டும் என்று வைத்தால் போதும்.

சர்வேயர்கள் போதாதே, பதிவு மாதக்கணக்கில் தள்ளிப்போகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உரிமம் பெற்ற நில அளவையர்களை இதற்குப் பயன்படுத்தலாமா, கர்நாடகத்தில் அது எப்படி நடக்கிறது, கட்டணம் எவ்வளவு ஆகிறது என்று உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பத்திர எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.